பெயர் சொல்லாத பச்சடி

தேனாம்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றுவிட்டது. முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. டிரைவர் இறங்கித் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு, மூடியைத் திறப்பதா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றார். அவர் யோசித்த நேரத்தில் நான் பாதி தூரம் நடந்தே போயிருக்கலாம்.

"அல்லாரும் எறங்கிக்கங்க. இப்போதிக்கு வண்டி நவுராது" என்றார் கண்டக்டர்.

"எம்மா நேரம் ஆவும்பா?" என்று பின் சீட்டிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"அத்த வண்டியாண்டதான் கேக்கணும் நைனா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் மஞ்சளாகிவிட்டது. மயிலாப்பூரில் என் மாமனார் இந்நேரம் கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டிருப்பார். அடுத்தது சந்தியாவந்தனம். அது முடிந்து அவர் எழுந்து வரும்போது இலை போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் என் வேலை போய்விடும்.

இது ஒரு பயம். இன்னொன்று என் மடியில் இருந்த துணிப்பைக்குள் இருந்தது. சிவக்கப் பழுத்த தக்காளி. அதை வாங்கிய பிறகுதான், இத்தனை நாளாக என்ன காரியம் நடந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குப் புரிந்திருந்தது.

சொன்னது சொன்னதுதான்

எந்த வருஷம் என்று கேட்டுப் பத்திரிகை ஆசிரியர் போன வாரம் ஆள் அனுப்பினார். முப்பதுகளில் ஒன்று. அதற்கு மேல் என்னைக் குடையாதீர்கள். மாம்பலத்தில் ஏரி இருந்த இடத்தில் தெருக்கள் போட்டு வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். புதுச் சுண்ணாம்பு வாசனை எங்கே போனாலும் கூடவே வரும். அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாரம்மா.

நான் குன்னூர்க்காரி. அப்பாவுக்கு அங்கே ரயில்வேயில் உத்தியோகம். என்னை டிரெயினிங் வரை படிக்கவைத்து, பிறகு மயிலாப்பூரில் கட்டிக்கொடுத்தார். கணவர் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பார்கள். அவர் எண்பதைத் தாண்டி இன்னும் காப்பி சூடு போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், அதனால் எழுதுகிறேன்: சந்தானம். பாரிமுனைப் பக்கம் ஆபீஸ். நல்லவர். அப்பா முன்னால் மட்டும் வாய் திறக்க மாட்டார்.

அந்த அப்பா, அதாவது என் மாமனார், கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி தமிழில் சொல்வதை ஜட்ஜுக்கு இங்கிலீஷில் சொல்லும் வேலை. ஆகையால் அவருக்கு எல்லாமே வார்த்தைதான். சொல்லாததைச் சொன்னதாக யாரும் அவரிடம் சாதித்துவிட முடியாது. சொன்னதை இல்லை என்றும் மழுப்ப முடியாது.

பெயரில் சீமை என்று இருக்கும் காயோ, கோஸ் மாதிரி சீமையிலிருந்து வந்த காயோ எதுவும் எங்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டாது. ஆசாரமா, சுதேசியமா என்று கேட்டால் இரண்டும் என்பார். சீமைக் கடிகாரம் மட்டும் கூடத்துச் சுவரில் ஜம்மென்று மாட்டியிருந்தது. என் நாழியைக் கணக்குப் பார்க்க அது வேண்டியிருந்ததே!

மாமியார் காமாட்சியம்மாள் வீட்டில் இருந்தவரை எனக்குக் கஷ்டம் தெரியவில்லை. ராத்திரிச் சமையல் அவர் பொறுப்பு. என் நாத்தனார் மதுரத்தின் பிரசவத்துக்காக அவர் திருவையாற்றுக்குப் புறப்பட்டபோதுதான் வினை வந்தது.

"காமாட்சி வர வரைக்கும் அவ வேலையை விட்டுடட்டும்" என்றார் மாமனார். என்னிடம் இல்லை, என் கணவரிடம். நான் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

என் கணவர் தொண்டையைச் செருமி, "விசாலம் ரெண்டையும் பாத்துப்பா அப்பா" என்றார். அவர் வாழ்க்கையில் எனக்காகப் பேசிய முதல் வாக்கியம் அது.

"சரி. நான் சந்தி முடிச்சு எழுந்து வரச்சே அவ இலை போட்டிருக்கணும். காலம்பர வெச்ச கறியை ராத்திரி என் இலையில போடப்படாது. ஒரு நாள் தவறினாலும் மறுநாளே வேலையை விட்டுடணும். சொன்னது சொன்னதுதான்."

எனக்கு அந்த வேலை உயிர். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. கரும்பலகை முன்னால் நிற்கும்போது மட்டும்தான் நான் யாருடைய மருமகளாகவும் இல்லை. அதை விட்டுவிட்டு அந்த இருட்டுச் சமையலறையில் நாள் முழுக்க உட்கார வேண்டும் என்று நினைத்தாலே மூச்சு முட்டும்.

வைத்தியர் சொன்னது

மாமியார் ஊருக்குப் போன சில நாட்களில் மாமனாருக்கு வயிற்றில் எரிச்சல் கண்டது. வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்தவர் கூடத்துத் தூணைப் பார்த்துச் சொன்னார்: "வைத்தியர் தக்காளி சேத்துக்கச் சொல்றார். தயிர்ல பச்சடியாப் போட்டா தேவலை."

தூணுக்குச் சொன்னால் எனக்குச் சொன்னதாக அர்த்தம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குன்னூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் தக்காளிச் செடி உண்டு. பறித்துப் புடவையில் துடைத்து அப்படியே கடித்துத் தின்று வளர்ந்தவள் நான். கல்யாணமாகி வந்ததிலிருந்து கண்ணால் பார்க்கவில்லை. மருந்துக்குத் தோஷமில்லை என்று மாமனாரே வழி விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எப்படி நினைப்பது? தக்காளி என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

மறுநாளே மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் முனியம்மா கடையில் வாங்கினேன். கடை என்றால் ஒரு சாக்கு, நாலு கூடை. பெரிய உத்தியோகஸ்தர் வீடுகளிலிருந்து சமையல்காரர்கள் வந்து வாங்குவதால் மலைக்காய்கள் அவளிடம் கிடைக்கும்.

அன்று இரவு மாமனார் இலையில் பச்சடியைப் போட்டேன். அவருக்குக் கண்ணில் புரை. இலையைக் கிட்டத்தில் குனிந்து பார்த்தார். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றார்.

பக்கத்து இலையில் இருந்த என் கணவருக்குப் புரையேறியது. பிற்பாடு கிணற்றடியில் என்னிடம் கேட்டார்: "அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்? அவர்தானே கேட்டார். வைத்தியர் சொன்னாராம்."

"ஓ" என்றார். அப்புறம் மும்முரமாகத் தண்ணீர் இழுக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு வாளி போதும், அவர் தொட்டியையே நிரப்பினார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அவசரக்காரிகளுக்கு

இதைப் படிப்பவர்களில் வேலைக்குப் போகும் பெண்கள் இருப்பீர்கள். உங்களுக்காக ஒரு நிமிஷம் கதையை நிறுத்துகிறேன். அந்தப் பச்சடி என்னை எத்தனையோ நாள் காப்பாற்றியது.

வெளியிலிருந்து வந்தால் குளித்து மடி உடுத்தாமல் அடுப்பண்டை போகக் கூடாது. நேரம் பாதி அதிலேயே போய்விடும். குளித்த கையோடு வெண்கலப் பானையில் அரிசியை வைத்துவிடுவேன். காலையில் வைத்த ரசம் சூடாகிக்கொண்டிருக்கும். கறி வதக்க நேரம் ஏது? பச்சடிக்கு அடுப்பே வேண்டாம். தாளிக்க மட்டும் ஒரு கரண்டி நெருப்பு.

பழுத்ததும் கெட்டியுமான பழமாகப் பார்த்துப் பொடியாக நறுக்குங்கள். விதையோடு வழியும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், ரசத்தில் சேர்த்துவிடலாம். தயிரின் மேல் படிந்திருக்கும் ஏட்டைத் தனியாக வழித்து, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி அழுத்திக் குழையுங்கள். தேங்காய் அரைத்து விட்டால்தான் பச்சடி என்று சொல்பவர்களுக்கு அரைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்கிறது. நமக்கு ஏடு போதும். கடுகு, பெருங்காயம், கீறின பச்சை மிளகாய் ஒன்று, கறிவேப்பிலை.

இலை போட்ட பிறகுதான் உப்பு. முன்னாலேயே போட்டால் தக்காளி தண்ணீர் விட்டுக்கொண்டு, கெட்டியாகக் குழைந்திருந்தது மோர்க்குழம்பாகிவிடும். முதல் நாள் நான் அப்படித்தான் செய்தேன்.

மாமனாருக்கு வயிற்றெரிச்சல் தணிந்தது. பழமா, ஏடா, வைத்தியரின் அதிர்ஷ்டமா என்று எனக்குத் தெரியாது. ஏடாகத்தான் இருக்கும்.

முனியம்மா கடையில்

பஸ் நின்றுபோன அன்று, முனியம்மா பழங்களை என் பையில் போட்டு முடித்திருந்தாள். அப்போது மடிசார் கட்டிய ஒரு மாமி வந்து நின்றார்.

"தக்காளி இருக்கா?"

"கீதும்மா" என்ற முனியம்மா, என் பழக் கூடையைத் தொடவே இல்லை. பக்கத்தில் வாழைச் சருகில் குவித்திருந்த மிளகு போன்ற கறுப்புப் பழங்களை அள்ளினாள்.

"இது சுக்குட்டின்னோ?" என்று நான் கேட்டுவிட்டேன். எங்கள் மலைப் பக்கத்தில் அதன் கீரைக்குச் சுக்குட்டிக் கீரை என்று பெயர்.

"சுக்குட்டியா? அது இன்னாது?" என்று முனியம்மா சிரித்தாள். "தக்காளி டீச்சரம்மா. மணத்தக்காளி. வவுத்துப் புண்ணுக்கு வைத்தியருங்க இத்தத்தான் எழுதறாங்க. நீ வாங்கிக்கினு போறது சீமத் தக்காளியாச்சே."

மாமி என் பையை எட்டிப் பார்த்தார். "நம்மவா ஆத்துக்கா இது போறது?" என்று கேட்டுவிட்டு, தன் புடவைத் தலைப்பை என்மேல் படாமல் இழுத்துக்கொண்டார்.

வைத்தியர் சொன்னது அது. நான் போட்டது இது. சீமை என்ற பெயரோடு ஒரு கொத்துமல்லிக் காம்பைக்கூட உள்ளே விடாத மனிதருக்கு, நான் தினந்தோறும் சீமைத் தக்காளியை ஏட்டில் குழைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவரும் தக்காளி, தக்காளி என்றுதான் கேட்கிறார். நானும் தக்காளி, தக்காளி என்றுதான் போடுகிறேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

கறுப்புப் பழம் கொஞ்சம் வாங்கிப் போகலாம் என்று திரும்புவதற்குள் மாமி மொத்தத்தையும் வாங்கிவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் வழக்கமான பஸ்ஸையும் விட்டேன். அடுத்ததுதான் தேனாம்பேட்டைக்கு முன்னால் உயிரை விட்டது.

நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, ஓடினேன். ஆழ்வார்ப்பேட்டையில் ஒரு குப்பைத் தொட்டியைப் பார்த்ததும் பையை அதில் வீசிவிடலாம் என்று நின்றேன். வீசிவிட்டால் ராத்திரிக்குப் புதிதாக இலையில் போட என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓடினேன். லஸ் மூலையைத் தாண்டும்போது தெருவிளக்கு ஏற்றிவிட்டார்கள்.

வாசலில் பெட்டி

வீட்டு வாசலில் தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளும் இருந்தன. மாமியார் சொல்லாமல் கொள்ளாமல் திருவையாற்றிலிருந்து வந்துவிட்டிருந்தார். உள்ளேயிருந்து சாதம் கொதிக்கும் வாசனை வந்தது. கூடத்தில் இரண்டு இலை போட்டாகியிருந்தது. போட்டவர் மாமியார்.

மாமனார் சந்தி முடித்து எழுந்துவிட்டார். என்னைப் பார்க்காமல் கடிகாரம் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நாழியாச்சு" என்றார். அவ்வளவுதான்.

"குளிச்சுட்டு வா, போ" என்றார் மாமியார். "மதுரத்துக்கு ஆண் குழந்தை. எல்லாம் சொல்றேன். பையை அங்கேயே வை, நான் அலம்பி எடுத்துக்கறேன்."

வழக்கம் போலவே சமையலறை வாசலில் பையை வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். முதல் சொம்புத் தண்ணீர் தலையில் விழுந்தபோதுதான் பையில் இருப்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் உள்ளே தாம்பாளத்தில் பழங்கள் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

ஈரத் தலையை முடிந்துகொண்டு போனேன். மாமியார் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே தாம்பாளம் நிறையத் தக்காளி.

"விசாலம், இது என்னடி?"

"தக்காளிம்மா."

"இதுவா தக்காளி? இது சீமைத் தக்காளின்னோ?" குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"எங்க ஊர்ல இதைத்தான் தக்காளிம்பா. வைத்தியர் சொன்னார்னு அப்பா கேட்டார். வேற தக்காளி இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியும். சத்தியமாத் தெரியாதும்மா."

"எத்தனை நாளா நடக்கறது?"

"நீங்க போன மறு வாரத்துலேர்ந்து."

"சாப்பிட்டாரா?"

"ரெண்டு தரம் போட்டுப்பார்."

"ரெண்டு தரம்" என்று திருப்பிச் சொன்னார் மாமியார். அவர் முகம் மாறிய விதம் எனக்குப் புரியவில்லை. கோபம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் கோபம் என் பக்கம் திரும்பவில்லை.

கூடத்திலிருந்து மாமனார் குரல் கேட்டது: "தக்காளிப் பச்சடி எங்கே?"

மாமியார் ஒரு பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, வேண்டாம்மா. என் வேலை போயிடும்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அது கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் கூடத்துக்குப் போனார்.

இலையில் உட்கார்ந்தவர்

மாமனார் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். என் கணவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து இலை நரம்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் கதவிடுக்கில் நின்றேன்.

மாமியார் பழத்தை மாமனார் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது என்னன்னு தெரியறதா?"

"தக்காளி."

"எந்தத் தக்காளி?"

மாமனாரின் கை நின்றது. "இலையில உக்காந்திருக்கேன் காமாட்சி. பேரைச் சொல்லாதே. சொன்னா எழுந்திருக்கணும்."

இந்தக் காலத்தவர்களுக்கு இது விளங்காது. சாப்பிடும்போது ஆகாத பண்டத்தின் பெயர் காதில் விழுந்தால் இலையை விட்டு எழுந்துவிட வேண்டும். அன்று அப்புறம் சாப்பாடு கிடையாது. பெயர் காதில் விழாதவரை ஒன்றுமில்லை. சாட்சி வாயில் வராததைக் கோர்ட்டு ஏற்றுக்கொள்ளாது என்று வாழ்ந்தவருக்கு, இது ரொம்பச் சௌகரியமான சாஸ்திரம்.

"அப்போ தெரியும்" என்றார் மாமியார்.

"மொத நாளே தெரியும். கண்ணுலதான் புரை. நாக்குல இல்லையே."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாம்பலத்திலிருந்து மயிலாப்பூர் வரை நான் செத்துப் பிழைத்து ஓடி வந்திருக்கிறேன். இவர் முதல் நாளே தெரிந்துகொண்டு, இரண்டு தரம் போட்டுக்கொண்டு, கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

மாமியார் குரலை உயர்த்தவில்லை. "மதுரம் வயத்துல இருக்கறச்சே எனக்கு எதுவுமே தங்கலை. கோஸ் கறி ஒரு வாய் சாப்பிட்டா தேவலைன்னு இருந்தது. பக்கத்தாத்து மாமி வாங்கிக் குடுத்தா. பண்ணி எறக்கி வெச்சேன். நீங்க வந்தேள். கிணத்தடியில கொட்டச் சொன்னேள்."

"அப்போ அம்மா இருந்தா."

"கொட்டினேன். ஒரு வாய் திங்கலை, கொட்டினேன். உங்கம்மா போய், மதுரத்துக்குக் கல்யாணமாகி, இப்போ அவளுக்கே குழந்தை பொறந்தாச்சு. நடுவுல ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'காமாட்சி, கோஸ் வாங்கட்டுமா'ன்னு கேட்டேளா?"

மாமனார் பிசைந்த சாதம் அப்படியே இருந்தது. மாமியார் வாயில் அந்த வார்த்தை நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. சீமை. அதைச் சொல்லிவிட்டால் இவர் எழுந்துவிடுவார். எழுந்தால் மானம் போகும், அந்த ஆத்திரம் முழுக்க என் தலையில் விடியும். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

மாமியார் திரும்பினார். "விசாலம், நறுக்கிக் கொண்டு வா."

நறுக்கினேன். அவசரத்தில் விரலில் ஒரு கீறல். ஏட்டைக் குழைத்துத் தாளித்துக் கொட்டினேன். மாமனார் மோர் சாதத்துக்கு வருவதற்குள் பச்சடி இலையில் விழுந்தது. அன்று உப்புப் போட்டேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. அவர் சாப்பிட்டார். இரண்டாம் தரம் கேட்கவில்லை.

வேறு இலை

மாமனார் கை கழுவிவிட்டு வந்து, கூடத்தின் நடுவில் நின்று மகனிடம் சொன்னார்: "இன்னிக்கு இவ நாழியாத்தான் வந்தா. இலை போட்டது காமாட்சி. சொன்னது சொன்னதுதான்."

என் கணவர் என்னைப் பார்த்தார், அவர் அப்பாவைப் பார்த்தார். "சரிப்பா" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவரிடம் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. முடிந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. நாளைக்கு யார் என் வகுப்புப் பெண்களுக்குப் பாடம் எடுப்பார்கள் என்று நினைத்தேன்.

அந்த நாளில் எங்கள் வீடுகளில் கணவன் சாப்பிட்ட இலையிலேயே மனைவி உட்கார்ந்து சாப்பிடுவாள். அவளுக்கென்று அவர் ஓரத்தில் ஏதாவது மிச்சம் வைத்துவிட்டு எழுவார். அது பிரியம் என்று சொல்வார்கள். அன்றும் மாமனார் இலையில் ஒரு ஓரமாகக் கொஞ்சம் பச்சடி இருந்தது.

மாமியார் அந்த இலையின் முன்னால் உட்காரவில்லை. குனிந்து, மிச்சத்தோடு அதை மடித்து எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். தொட்டியில் விழுந்த சத்தம் கூடத்துக்குக் கேட்டது. கை கழுவிவிட்டு வந்தார்.

"எனக்கு வேற இலை போடு."

நான் அசையவில்லை. அப்படி ஒரு வார்த்தையை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"காதுல விழலையா? வேற இலை."

போட்டேன். மாமனார் நின்ற இடத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். முதலில் பச்சடியைத்தான் போடச் சொன்னார். ஒரு வாய் எடுத்து நிதானமாகச் சாப்பிட்டார்.

"இன்னும் போடு" என்றார். போட்டேன். அதையும் சாப்பிட்டுவிட்டு, தலை நிமிராமல் பேசினார்.

"நாளைக்கு இவ பள்ளிக்கூடத்துக்குப் போறா. நாளன்னிக்கும் போறா. ராத்திரி அடுப்பு என்னோடது. எத்தனை நாழிக்கு ஆறதோ, அப்போ இலை போடுவேன். முடியாதுன்னா சொல்லுங்கோ. நான் இப்போ சாப்பிடறதுக்கு என்ன பேர், இதை இந்தாத்துல யார் ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்னு வாசல்ல போய் நின்னு சொல்றேன்."

மாமனார் வாயைத் திறந்தார். இத்தனை வருஷம் அடுத்தவர் வார்த்தையை நறுக்கென்று எடுத்துச் சொன்னவருக்குத் தன் வார்த்தை ஒன்றும் அகப்படவில்லை. சாய்வு நாற்காலிக்குப் போய்ப் பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். புரை விழுந்த கண்ணோடு என்னத்தைப் படித்தாரோ.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலை நரைக்கும்வரை போனேன். மாமனார் அதன் பிறகும் வெகு காலம் இருந்தார். சாப்பிட்டு எழும்போது இலையின் ஓரத்தில் ஏதாவது மிச்சம் வைக்க ஒரு நாளும் மறக்கவில்லை. மாமியார் அதை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போவார். திரும்பி வந்து, தனக்கு ஓர் இலை போட்டுக்கொள்வார்.